ஒரு கட்டத்தில் இரண்டு ஊர்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து நிவேதா என்று ஒரு பெண் போனில் பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், முகம் தெரியாது. நாங்கள் அந்தக் காலத்தில் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகளை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, புதிய கருவிக்கு மாறுகிறார்களாம். எந்த இடத்தில் எண் இருக்கிறது, எந்த இடத்தில் தேதி இருக்கிறது என்பதைப் புதியது தானே பார்த்துத் தெரிந்துகொள்கிறதாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மேடம், உங்க லோடர்ல ஒரு இடம் புரியல. ஒரே ஒரு ஆபரேட்டர் நம்பருக்கு மட்டும் ரெண்டு ஊரையும் திருப்பிப் போடுது. இது பக்-ஆ மேடம், தப்பா எழுதினதா? எடுத்துடலாமா?"

"அது பக் இல்லமா. அது ராணி" என்றேன்.

கிழவிக்குத் தலை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். ராணியைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத என் அண்ணன் மகள் கல்பனாவும் வந்துவிட்டாள்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். கணக்கில் பட்டம் வாங்கினேன், டைப்பிங் பாஸ் செய்தேன், தொண்ணூறுகளில் மேட்டுத்தெரு மாடி ஒன்றில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். பட்டுக்கடை ஒன்றில் பில் போடும் புரோகிராம் எழுதினேன். அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கல்யாணம் கூடிவரவில்லை, நானும் அதைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான். மீதியை எல்லாம் ரங்கராஜன் சாரோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டேன்.

அவர் எங்கள் மேலாளர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், டிபன் பாக்ஸில் எந்நாளும் தயிர் சாதம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது "சார், ரிப்போர்ட் ரெடி" என்று கொண்டுபோய் நீட்டினால் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"பச்சையாப் பாத்தேளா?" என்று கேட்பார்.

வந்த பதிவை, எந்தக் கருவியும் தொடுவதற்கு முன்னால், வந்த கோலத்தில் கண்ணால் பார்த்தாயா என்று அர்த்தம். நூறு வரியை அச்சடித்து, அடிக்கோலை வைத்து, வரி வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பையன்கள் பின்னால் "சார் பாராயணம் ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துகளின் கடைசியில்தான், பல கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து மலை மலையான பதிவுகளைச் சலிக்கும் அமைப்பு எங்களிடம் வந்தது. அதற்குச் சின்னம் ஒரு மஞ்சள் பொம்மை யானை. அதன்மேல் ஓடுகிற, நாங்கள் ஸ்கிரிப்ட் எழுதிய கருவிக்குப் பன்றி என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைப் போட்டாலும் தின்னுமாம், அதனால் அந்தப் பெயராம். சாரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் தயங்கினோம். அவர் சிரித்தார்.

"நம்மூர்க் கோயில்ல யானை மலைமேலதான் பெருமாள் நிக்கறார். வராகமும் அவர்தான். நமக்கு என்ன கொறச்சல்? ஆரம்பியுங்கோ."

அந்தக் கருவிக்கு எண் தெரியும், எழுத்து தெரியும், இன்னும் சில வகைகள் தெரியும். அதற்குத் தெரியாத வகை எதையாவது ஊட்ட வேண்டுமானால் அதற்கென்று ஒரு லோடரை நாமே எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது இருந்தால் அது நம்மோடு சண்டை போடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு ஓரமாக ஒரு எச்சரிக்கை வரி எழுதும், அவ்வளவுதான். ஓட்டம் நல்லபடியாக முடிந்தது என்ற வரிக்குமேல் யாரும் படிப்பதில்லை.

அந்தச் சமயம் ஒரு அறக்கட்டளையின் வேலையை எங்கள் கம்பெனி தர்மமாகச் செய்துகொடுக்க ஒப்புக்கொண்டது. சில மாவட்டங்களில் அவர்கள் பிரசவ வேன் விட்டிருந்தார்கள். வலி கண்ட பெண்ணின் வீட்டிலிருந்து போன் செய்தால் வேன் வந்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும். போன் வந்தது, எடுத்தது, ஊரைக் கேட்டது, வேனுக்குச் சொன்னது என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஏகப்பட்ட வரிகள். இப்படிப் பல வருடத்துப் பதிவுகள் சேர்ந்திருந்தன. எந்த ஊரிலிருந்து எத்தனை அழைப்பு என்று சலித்துச் சொன்னால், அதை வைத்து வேன்களை இடம் மாற்றுவதாகத் திட்டம். பதிவில் ஊர் என்பது ஒரு கட்டம், அதில் ஊரின் எண் இருக்கும் என்று அவர்களுடைய தலைமை அலுவலகம் எழுதிக் கொடுத்திருந்தது.

முதல் ஓட்டம் முடிந்தது. முசரவாக்கத்திலிருந்து அழைப்பே குறைவு, அங்கே நின்ற வேனுக்கு வேலையே இல்லை என்று வந்தது. கூரம் பக்கமும் அப்படித்தான். அந்த வேனை எடுத்து நகரத்துப் பக்கம் நிறுத்தலாம் என்று அறக்கட்டளையில் பேச்சு அடிபட்டது.

அந்தத் தாளை நான் மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஏகாம்பரம் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணியின் ஊரான முசரவாக்கத்திலேயே தறி போட்டுத் தங்கிவிட்டார். ஒரே பெண், கல்பனா. அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அண்ணி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் நான் அங்கே போய்விடுவேன். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, இழுத்துப் பின்னி, பரீட்சை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, திங்கள் காலை முதல் பஸ் பிடித்து வேலைக்கு ஓடுவேன். அவள் வயதுக்கு வந்ததும் நான் போன ஒரு சனிக்கிழமைதான். அத்தை, அத்தை என்று காலைச் சுற்றியே வளர்ந்தாள். வாலாஜாபாத்தில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தோம். அந்தச் சமயம் அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதை எங்கள் பக்கம் யாரும் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம். ஆனால் கல்பனாவின் மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை. கெட்ட பெண்மணி இல்லை அவர். பயந்தவர்.

"தாய் இல்லாத ஊட்டுக்குத் தாய் ஊடுன்னு எப்டிமா அனுப்பறது?" என்று என்னிடமே கேட்டார். "அந்த ஊர்ல ஒரு வேன் நிக்குதுன்னு சொல்றாங்க. அந்த ஒண்ணை நம்பித்தான் சரின்னேன். அதுவும் இல்லன்னா இங்கியே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

நான் வாசலில் செருப்பு மாட்டும்போது கல்பனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்கு நம்ம ஊட்லதான் ஆவணும். அம்மா இருந்த ஊடு அது. எப்படியாவது கூட்டிக்கினு போயிடு அத்தை."

கல்யாணத்துக்குக்கூட எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்காத பெண். புடவையைக்கூட நான்தான் எடுத்தேன்.

மறுநாள் காலை முசரவாக்கம் பக்கத்துப் பதிவுகளில் நூறு வரியை அச்சடித்து எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். அவராகக் கேட்காமல் நானாகப் பாராயணத்துக்கு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். படித்துக்கொண்டே வந்தேன். ஊர் என்ற கட்டத்தில் ஓர் எண். அடுத்த வரியிலும் ஓர் எண். அதற்கடுத்த வரியில் ஓர் எண், ஒரு சாய்கோடு, இன்னோர் எண்.

சார் கண்ணைத் திறந்தார். "திருப்பிப் படியுங்கோ."

படித்தேன். இன்னும் நாலு வரி தள்ளி அதே மாதிரி. அப்புறம் அடுத்தடுத்து மூன்று. அந்த எண்கள் என்ன ஊர் என்று பட்டியலில் பார்த்தேன். சாய்கோட்டுக்கு ஒரு பக்கம் வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், தாம்பரம். மறுபக்கம் முசரவாக்கம், கூரம். எனக்கு அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் விளங்கியிருக்கும். பெண்ணின் கர்ப்பகால அட்டையில் புருஷன் ஊர் இருக்கும். வலி வரும்போது அவள் அம்மா வீட்டில் இருப்பாள். போன் எடுத்த பெண்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். வேறு கட்டம் யாரும் கொடுக்கவில்லையே. எங்கள் கருவிக்கு அது எண்ணாகத் தெரியவில்லை, காலி என்று ஒதுக்கிவிட்டது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த ஊர் திரும்பிய பெண்கள் அத்தனை பேரும் அந்தக் காலிக் குவியலில் கிடந்தார்கள். டவுன்காரிகள் பாதிப் பேருக்கு ஆட்டோவே போதும். வேனைக் கூப்பிட்டது இவர்கள்தான்.

சாரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, மறைக்க மனம் வராமல், கல்பனாவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் அடிக்கோலை மேஜைமேல் வைத்தார். "லோடரை நீங்களே எழுதுங்கோ. உங்களைவிட இது யாருக்கும் புரியாது. ஆனா சரியா வந்திருக்கான்னு பாக்கறது நீங்க இல்லை, நான். உங்காத்துப் பொண்ணுக்காக ஒரு வரிகூட நகரப்படாது."

"நகர்ந்தா நானே சொல்றேன் சார்" என்றேன், கோபமாகவே. என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேட்டுவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்பது புரியக் கொஞ்ச நாள் ஆனது.

எழுத ஆரம்பித்தேன். ஊர் என்ற ஒரு கட்டத்தை எங்கள் லோடர் மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். குடியிருக்கும் ஊர், இப்போது இருக்கும் ஊர், யார் வீடு. ஓர் எண் மட்டும் இருந்தால் இரண்டு ஊருக்கும் அதுவே. சாய்கோடு இருந்தால் பிரி. எண்ணுக்குப் பின்னால் சுருக்கமாக எழுத்து ஏதாவது இருந்தால் அம்மா வீடா, அக்கா வீடா என்று எடுத்துக்கொள். இதில் எதிலும் அடங்காத வரி வந்தால் காலி என்று விடாதே, அப்படியே தனியாக எடுத்து வை, நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். இந்தக் கடைசி விதிக்காக நான் தனியாகச் சண்டை போட்டேன். வேகம் குறையும் என்றார்கள் பையன்கள். குறையட்டும், பிள்ளை பெறப் போகிறவளுக்கு இல்லாத அவசரம் உங்களுக்கு என்னடா என்றேன்.

ஓட்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம். சிலர், குடியிருப்பது முசரவாக்கம், இப்போது இருப்பது தாம்பரம் என்று வந்தார்கள். அம்மா வீடு தாம்பரத்தில் இருக்கக்கூடாதா என்ன, இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு முசரவாக்கத்து வேன் அல்லவா போயிருக்கிறது? ஏதோ தலைகீழாக இருக்கிறது. எப்போது எது தலைகீழ் என்று மட்டும் பிடிபடவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கடைசியில் சாரும் நானும் அறக்கட்டளையின் போன் நிலையத்துக்கே போனோம். காஞ்சிபுரத்திலேயே ஒரு மாடியில் இருந்தது. அதன் பொறுப்பாளர் மல்லிகா சிஸ்டர், பழைய நர்ஸ். அச்சடித்த வரிகளைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஊர்களைப் பார்க்கவே இல்லை, ஓரத்தில் இருந்த ஆபரேட்டர் எண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"இது ராணிமா. எங்க பொண்ணுங்க எல்லாம் புருஷன் ஊரைத்தான் மொதல்ல எழுதும். கார்டுல அதான இருக்குது. ராணி மட்டும் அம்மா ஊரை மொதல்ல போடுவா. எத்தினி தபா சொன்னாலும் கேக்க மாட்டா."

ராணி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். "பின்ன இன்னாக்கா? போன் பண்றது அவங்க ஊரு. வேன் போறதும் அவங்க ஊரு. புருஷன் ஊரு இன்னாத்துக்கு மொதல்ல? கொழந்தையைப் பெத்துக்கினு பொறுமையாப் போய்ச் சேந்துக்கட்டும்."

சார் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நியாயமான பேச்சு. நீங்க உங்க வழக்கப்படியே எழுதுங்கோ. நாங்க மாத்திக்கறோம்."

அப்படித்தான் ராணியின் எண் வந்தால் மட்டும் ஊர்களைத் திருப்பிப் போடு என்ற வரி லோடரில் ஏறியது. நிவேதா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் சார் அதோடு விடவில்லை, நானும் விடவில்லை.

அவர் சரிபார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். காலிக் குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு சில வரிகளைப் பொறுக்கினார். நான் ஒன்றையும் தொடக்கூடாது, சுவர் ஓரமாக உட்கார வேண்டும். மல்லிகா சிஸ்டர் அந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, பேசலாமா என்று கேட்டுக்கொண்டு, ஸ்பீக்கரில் பேசினார். எங்கேயிருந்து வேனைக் கூப்பிட்டீர்கள் என்பது ஒன்றுதான் கேள்வி. லோடர் சொன்னதோடு பதில் ஒத்துப்போனால் சார் ஒரு டிக் போடுவார்.

டிக் விழுந்துகொண்டே வந்தது. ஆனால் யாரும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி வைக்கவில்லை. கூரத்திலிருந்து ஒரு அம்மா பேசினார்.

"இங்கேர்ந்துதான்மா கூப்ட்டோம். எம் பொண்ணு, தலைச்சன். ஆம்பளப் புள்ள. மூணாம் மாசம் வந்து கூட்டிக்கினு போய்ட்டாங்க. தொட்டில் கட்டுன கயிறு இன்னும் உத்தரத்துலதான் தொங்கிக்கினு கெடக்குது. அவுக்க மனசு வரல. நீங்க எதுக்குமா கேக்கறீங்க? வேனை எடுக்கப் போறீங்களா?"

மல்லிகா சிஸ்டர் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேனை எடுக்கப் போறதில்லை. சொல்லுங்கோ அந்தம்மாகிட்ட" என்றார்.

அது அவர் கையில் இருந்த முடிவு இல்லை. அறக்கட்டளை முடிவு செய்ய வேண்டியது. அவர் அப்படி அளவு மீறிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவராகவே சொன்னார்.

"எங்காத்துப் பொண்ணு அமெரிக்காவுல. பிரசவத்துக்கு அவளால இங்க வர முடியல. எங்காத்து மாமிதான் ஊறுகாயும் லேகியமும் கட்டிண்டு கெளம்பினா. தாய் வீடு ஃப்ளைட் ஏறிப் போச்சு ராஜேஸ்வரி. உங்க லோடர்ல அதுக்கு ஒரு கட்டம் உண்டா?"

"போட்டுடலாம் சார்" என்றேன். சிரித்தார், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஆட்டோவிலேயே போய்விட்டது.

புது லோடரோடு ஓட்டியதில் முசரவாக்கமும் கூரமும் மேலே வந்தன. வேலை இல்லாத வேன் என்றது, அந்த வட்டாரத்தில் ஓய்வே இல்லாத வேனாக இருந்தது. அறிக்கையோடு, காலிக் குவியல் எப்படி வந்தது என்ற விளக்கத்தையும் சார் தன் கையெழுத்தில் எழுதி வைத்தார். என் பெயரைப் போட்டார், என் அண்ணன் மகளுக்கு அங்கே பிரசவம் நடக்கப்போவதையும், அதனால் தானே சரிபார்த்ததையும் அதிலேயே எழுதிவிட்டார். வேன் அங்கேயே நிற்கட்டும் என்று பதில் வந்த அன்று நான் அலுவலகத்திலிருந்து நேராக வாலாஜாபாத் போனேன். கல்பனாவின் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் யோசித்தார். "நீ லீவு போட்டுக்கினு கூட இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்ப சரி. கூட்டிக்கினு போ."

கண்ணாடி வளையல் குலுங்கக் குலுங்கக் கல்பனா முசரவாக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் ஒரு தறியைக் கழற்றி இடம் பண்ணி, அண்ணி படுத்திருந்த அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எடுக்காத லீவையெல்லாம் சேர்த்து எடுத்தேன். எனக்குப் பிரசவம் பார்த்த அனுபவம் கிடையாது. பெற்றவளும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பயத்தை வெளியே காட்டாமல், சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டு நாளை ஓட்டினேன். இவளுக்கு ஒன்று என்றால் அந்த மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்து நினைத்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை, அண்ணன் தறிக்கான பாவு நூலுக்குக் கஞ்சி போடத் தெருவுக்குப் போயிருந்தபோது வலி எடுத்தது. நான் துணிப் பையைத் தேடி உள்ளே ஓடினேன். நான் வருவதற்குள் கல்பனா தானே போனை எடுத்துப் போட்டுவிட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள். போனில் ஒரு பெண் நிதானமாகக் கேட்பது எனக்கும் கேட்டது.

"எந்த ஊர்மா?"

"கட்டிக் குடுத்தது வாலாஜாபாத். இப்ப இருக்கறது முசரவாக்கம்."

"யாரு ஊடு?"

"எங்க அம்மா ஊடு."

"வேன் கெளம்பிடுச்சி, பயப்படாதே. கூட யார்னா பெரியவங்க இருக்காங்களா?"

கல்பனாவுக்கு அப்போது ஒரு வலி வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அது போகும்வரை நின்றாள். பிறகு, அறை வாசலில் பையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"இருக்காங்க" என்றாள். "எங்க அம்மா இருக்காங்க."

தெருவில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனேன்.